வேப்பிலைக் காப்புக்கு ஆதாரம்

வேதியியல் துறை ரெஜிஸ் என் மேசை முன்னால் வந்து நின்று, “மதச் சடங்குகளைப் பத்தி ஆராய்ச்சிப் புத்தகம் ஏதாவது இருக்குங்களா மேடம்?” என்று கேட்டார். திருச்சியில் இந்தக் கல்லூரிக்கு நான் நூலகராக வந்த நாளிலிருந்து அவர் கரிம வேதியியலைத் தாண்டி எதையும் கேட்டதில்லை.

“எந்த மதம் சார்? எந்தச் சடங்கு?”

“பொதுவா.”

“பொதுவான்னா அந்த ஜன்னல்லேர்ந்து இந்தக் கதவு வரைக்கும் இருக்கு. ஆட்டோ கொண்டு வந்திருக்கீங்களா?”

அவர் சிரித்தார், ஆனால் போகவில்லை. நூலகத்தில் ஒருவர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு வேண்டியதாக இருப்பதில்லை. வேண்டியதற்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பார். அதனால் நாங்கள் திருப்பித் திருப்பிக் கேட்போம். குடைவதற்காக அல்ல. சரியான அலமாரிக்கு வழி அதில்தான் இருக்கிறது. நான்காவது கேள்வியில் அவர் குரலைத் தாழ்த்தி, “வளைகாப்பு” என்றார். “ஐயங்கார் வீட்டு வளைகாப்பு.”

அதற்கு மேல் எனக்குக் கேள்வி தேவைப்படவில்லை. அவர் மனைவி தேவதர்ஷினி ஸ்ரீரங்கத்துப் பெண். வடக்குச் சித்திரை வீதி. அப்பா இல்லை. அம்மா கோமளவல்லி கல்யாணத்துக்கும் வரவில்லை, அதற்குப் பிறகு பேசவும் இல்லை. தேவிக்கு இப்போது ஏழாம் மாதம்.

“உங்க வீட்லயும் வளைகாப்பு உண்டே சார்?”

“உண்டுங்க. அம்மா பாலக்கரை முழுக்கச் சொல்லி வெச்சாச்சு. சாமியார் வந்து ஜெபம் பண்ணுவார், எல்லாரும் வளையல் போடுவாங்க. தேவியும் ‘அத்தை பண்றதே போதும்’னுதான் சொல்றா. ஆனா போன வாரம் வாசல்ல வேப்பமரத்தைப் பாத்துட்டு, ‘எங்காத்துல வேப்பிலைக் காப்பு கட்டுவா’ன்னா. உடனே ‘அதை விடுங்கோ’ன்னுட்டா.” அவர் மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பி வைத்தார். “எனக்குத்தான் அதை விட முடியலை. அவங்க வீட்டு முறைல ஒண்ணு பண்ணிக் காட்டணும். அவளுக்குத் தெரியாம.”

அவர் ஏற்கெனவே ஒரு முயற்சி செய்திருந்தார். பழைய கிருகச் சடங்குகளின் மொழிபெயர்ப்பு ஒன்றைத் தானே தேடி எடுத்துப் படித்திருக்கிறார். கணவன் முள்ளம்பன்றி முள்ளால் மனைவியின் வகிட்டைப் பிரிக்க வேண்டும் என்று அதில் இருந்ததாம். நேராகப் பெரிய கடை வீதியில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் முள் கேட்டிருக்கிறார்.

“கடைக்காரர் என்ன சொன்னார்?”

“‘அதை வித்தாலே கேஸு. வாத்தியாரா இருந்துக்கிட்டு என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கறீங்களே’ன்னார்.”

“அது சீமந்தம் சார். வளைகாப்பு இல்லை.”

இது அவரிடம் மட்டும் உள்ள குறை இல்லை. சடங்கைத் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் மதம் என்று எழுதியிருக்கும் அலமாரிக்குத்தான் போவார்கள். அங்கே இருப்பது மந்திரம் சொல்கிறவர்களுக்கு வேண்டியது. மந்திரம் தப்பக்கூடாது என்பதால் அதை எழுதி வைத்தார்கள். வளையல் அடுக்கிய பெண்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, அதனால் அதை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. எழுதவில்லை என்றால் நூலகத்தில் இல்லை என்று ஆகாது. பழைய வண்டியைப் பிரித்துப் போட்ட கடையில் சக்கரம் ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம் கிடப்பதுபோல, ஒரு சடங்கும் நூலகத்துக்குள் பாகம் பாகமாகப் பிரிந்துதான் கிடக்கும். மந்திரம் மதத்தில். வளையல் பழக்கவழக்கங்களில். சித்ரான்னம் சமையலில். பாட்டு இசையில். கர்ப்பிணியின் உடம்பு மருத்துவத்தில். வண்டி வேண்டுமென்றால் எல்லா மூலைக்கும் நடந்து, பொறுக்கிக்கொண்டு வந்து, நாமே மாட்ட வேண்டும்.

இதைச் சொன்னதும் ரெஜிஸுக்கு முகம் தெளிந்துவிட்டது. ஆய்வுக்கூடக்காரர் அல்லவா. மதிய இடைவேளைகளில் நாங்கள் ஒவ்வொரு அலமாரியாகப் போனோம். சமையல் புத்தகத்தில் புளியோதரையும் எள்ளுச் சாதமும் தேங்காய்ச் சாதமும் அகப்பட்டன. பைண்டு செய்த பழைய பெண்கள் பத்திரிகைத் தொகுப்பில், ஒரு வாசகி தன் வீட்டு வளைகாப்பைப் படிப்படியாக எழுதியிருந்தார். கறுப்புப் புடவை கட்ட வேண்டும், கண்ணாடி வளையல் அடுக்க வேண்டும், கடைசியில் வேப்பிலைக் காப்பு.

“கிடைச்சிருச்சு மேடம்” என்று எழுந்தார் ரெஜிஸ்.

“உக்காருங்க. ஒரு டைட்ரேஷனை வெச்சு ரிசல்ட் எழுதிடுவீங்களா?”

“ரெண்டு மூணு தடவை ஒரே வேல்யூ வரணும்.”

“இங்கயும் அதே கதைதான். இவங்க எந்த ஊருன்னு பாருங்க.”

கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் திருநெல்வேலி என்று இருந்தது. சடங்கு ஊருக்கு ஊர் மாறும், ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு மாறும். அவருக்கு வேண்டியது திருநெல்வேலியின் வளைகாப்பு அல்ல, தேவியின் வளைகாப்பு.

அதனால் அந்தச் சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போனோம். சித்திரை வீதியில் பெண்களின் பஜனைக் குழு ஒன்று வைத்திருக்கும் இரண்டு மர பீரோக்கள் எனக்குத் தெரியும். அவர்களே அச்சடித்துக்கொண்ட பாட்டுப் புத்தகங்கள் அங்கே இருக்கும். சடங்குக்கு நடுவே பாடும் பாட்டு மிக நல்ல ஆதாரம். எண்ணெய் வைக்கும்போது எண்ணெயைப் பாடுவார்கள், வளையல் ஏறும்போது வளையலைப் பாடுவார்கள். பாட்டின் வரிசை தெரிந்தால் சடங்கின் வரிசை தெரிந்துவிடும்.

ராஜகோபுரத்திலிருந்து வீதிக்குள் நடந்து வரும்போது ரெஜிஸ் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வண்டியை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது.

“ஹெல்மெட் எதுக்கு சார்?”

“அவங்க வீடு இதே தெருதாங்க. ரெண்டு வீடு தள்ளி.”

“ஹெல்மெட்டோட நடந்தாத்தான் ஊரே பாக்கும்.”

பஜனைக் கூடத்துக்குள்தான் அதைக் கழற்ற வைக்க முடிந்தது. வளைகாப்புப் பாட்டுகள் இருந்தன. வேப்பிலைக் காப்புக்குத் தனிப் பாட்டே இருந்தது. ரெஜிஸ் விரலை வைத்து முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். எனக்குப் பொருளடக்கத்தைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் இறங்கியது. தொகுத்தவர் மிகவும் ஒழுங்கானவர். எல்லாப் பாட்டையும் அகரவரிசையில் அடுக்கியிருந்தார். எது முதலில் பாடுவது, எது பிறகு என்பது அந்த ஒழுங்கில் காணாமல் போயிருந்தது.

“அப்ப முதல்ல வேப்பிலையா, கண்ணாடியா?”

“புத்தகம் இதுக்கு மேல சொல்லாது. ஆளைத்தான் கேக்கணும்.”

“யாரைங்க?”

“ரெண்டு வீடு தள்ளி இருக்காங்களே.”

அவர் ஹெல்மெட்டை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

நேரில் போகச் சொல்லவில்லை, போனில் கேட்டால் போதும் என்றேன். எப்படிக் கேட்பது என்பதையும் சொன்னேன். உங்கள் வீட்டுச் சடங்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால், எங்கே ஆரம்பிப்பது என்று யாருக்கும் தெரியாது. வாருங்கள் என்று கூப்பிட்டால், மாட்டேன் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். சின்னக் கேள்வியாக, தனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். அதில் தப்பு இருந்தால், விஷயம் தெரிந்தவரால் திருத்தாமல் இருக்க முடியாது.

ஹெல்மெட்டுக்குள் போனை வைக்க முடியாததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“யாரு?”

“நான்... ரெஜிஸ் பேசறேங்க.”

வைத்துவிட்டாரோ என்று நான் திரையை எட்டிப் பார்த்தேன்.

“தேவிக்கு ஒண்ணும் இல்லையே?”

“நல்லா இருக்காங்க. ஒரு சந்தேகம் கேக்கணும்.” பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னார். “வளைகாப்புல கண்ணாடி வளையல் அடுக்கின பிறகு வேப்பிலைக் காப்புன்னு ஒரு பத்திரிகைல இருக்கு. பாட்டுப் புத்தகத்துல வரிசை தெரியலை. உங்க வீட்ல எது முதல்ல?”

“அடுக்கின பெறகா? யாரு எழுதினா அதை?”

“திருநெல்வேலிக்காரங்க.”

“அவா வழக்கம் அவாளுக்கு. எங்காத்துல வேப்பிலைதான் மொதல்ல. வெறுங்கைல அது ஏறணும். அதுக்கு மேலதான் வளை.” நிறுத்தினார். “என்னிக்கு வெச்சிருக்கேள்?”

“வர்ற வெள்ளிங்க. மாசத்தோட முதல் வெள்ளி, அம்மாவுக்கு விசேஷம். சர்ச்சுல பூசை முடிஞ்சு எல்லாரும் வந்து சேர பதினோரு மணி ஆயிடும்.”

“வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கா?”

“ஆமாங்க.”

“பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகுகாலம்னா. உங்காத்துல காலண்டர் கிடையாதா?”

“இருக்குங்க. மாதா கோயில் காலண்டர். அதுல போட்டிருக்காது.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“பத்தரைக்குள்ள காப்பு ஏறியாகணும். அதை யாரு பண்ணப்போறா?”

“நான்தாங்க. பண்ணிப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒடிஞ்சு ஒடிஞ்சு போகுது.”

“ஒடியாம என்ன பண்ணும்? எளசா ரெண்டு இணுக்கு எடுத்து, மொதல்ல கைக்குள்ள வெச்சு...”

“இணுக்குன்னா எதுங்க?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

ரெஜிஸ் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார். “கோவமா வெச்சிட்டாங்க.”

“கேட்டதுக்குப் பதில் வந்துச்சா இல்லையா?”

“பதில் வந்துச்சு. வருவாங்களான்னு கேக்கலையே மேடம்.”

கேட்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். அந்த வாரம் முழுக்க எனக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை எடமலைப்பட்டி புதூரில் ரெஜிஸ் வீட்டுக்கு நான் போனபோது பாலக்கரையிலிருந்து வந்த பெண்கள் கூடத்தை நிறைத்திருந்தார்கள். ரெஜிஸின் அம்மா லூர்துராணி தட்டுகளில் வளையல்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். “ராகுகாலம்னு நேத்து ராத்திரிதான் சொல்றான். முன்னாடியே சொல்லியிருந்தா எல்லாரையும் விடியக்காலைப் பூசைக்கே இழுத்துட்டுப் போயிருப்பேன்ல” என்றார் என்னிடம். “கடைசில சாமியாரையே சைக்கிள்ல வெரட்டிக் கொண்டாந்தோம்.” சாமியார் வாசல் நாற்காலியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு மேசை முழுக்க வேப்பங்குச்சி. ரெஜிஸ் இரவெல்லாம் பழகியிருக்கிறார். வளைத்தவை எல்லாம் நடுவில் முறிந்து கிடந்தன. அந்தக் குவியலைக் காலையில் பார்த்துத்தான் தேவிக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அவள் ஒன்றை எடுத்து முறிந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“நூலைச் சுத்திக் கட்டிடுங்கோ. போதும்.”

“போதாது” என்றார் ரெஜிஸ்.

பத்து மணி தாண்டியது. லூர்துராணி கடிகாரத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். நூல்கண்டைத் தேடிக்கொண்டு நான் உள்ளே போனபோது வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது.

கோமளவல்லியை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். மெலிந்த அம்மாள், கையில் துணிப்பை, பையின் வாயில் ஈரத்துணி சுற்றிய வேப்பங்கொத்து. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மகள் பக்கம் பார்த்தவர் அப்படியே பார்வையைத் திருப்பிக்கொண்டு மேசைக்குப் போனார். இன்னும் ஒரு கணம் பார்த்திருந்தால் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

“என்ன இது, வெறகு பொளந்திருக்கேளா?”

உட்கார்ந்து இரண்டு இளம் இணுக்குகளை எடுத்தார். இலைக்காம்புதான் அது, குச்சி அல்ல. ரெஜிஸ் குச்சியை அல்லவா வளைத்துக்கொண்டிருந்தார். நுனியில் கொஞ்சம் இலையை விட்டு மற்றதை உருவிவிட்டு, காம்பை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினார். உருட்ட உருட்ட உள்ளே நார் தளர்ந்து காம்பு கயிறுபோலத் தொய்ந்தது. இரண்டையும் தனித்தனியே ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு சேர்த்துப் பிடித்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். ஒன்று அவிழப் பார்க்கும்போது அதுவே மற்றதை இறுக்குகிறது. முடிச்சே வேண்டாம். நான் நூல்கண்டோடு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாராவது ஒரு முனையைப் பிடியுங்கோ.”

ரெஜிஸ்தான் பக்கத்தில் நின்றார். தயங்கி, இரண்டு விரலால் பிடித்தார்.

“இறுக்கிப் பிடிக்கணும். உங்க லேப்ல இருக்கற கண்ணாடிக் குழாய் இல்லை, ஒடைஞ்சு போறதுக்கு.”

தேவி நிமிர்ந்து பார்த்தாள். மருமகன் எங்கே, என்ன வேலை பார்க்கிறார் என்பது தன் அம்மாவுக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

கோமளவல்லி பையிலிருந்து கறுப்புப் புடவையை எடுத்து மகளின் மடியில் வைத்தார். “போய்க் கட்டிண்டு வா. மடிசாரெல்லாம் வேண்டாம், மூச்சு முட்டும். சும்மா சுத்திண்டு வா.”

“நாழி ஆயிடுத்தேம்மா.”

“ஆகட்டுமே” என்று சொல்லிவிட்டுத் தானே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்.

லூர்துராணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “எங்க கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடும் சம்பந்தி. நீங்க நிதானமா பண்ணுங்க. எனக்கும் ஒரு இணுக்கு குடுங்க, இன்னொரு கைக்கு நான் முறுக்கறேன்.”