பன்னிரண்டாவது விநாடியில் ஓர் இருமல்

மூன்றாவது திருகாணியும் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. இன்னும் ஒன்றுதான். அப்பா நெற்றி வியர்வையைத் தோள்பட்டையிலேயே துடைத்துக்கொண்டார். முப்பது வருஷமாகப் பூட்டுத் தொழில். யார் யாரோ தொலைத்த சாவிகளுக்காகக் கதவு திறந்துவிட்டவர், பெற்ற மகளின் கதவில் கை வைப்பது இதுதான் முதல் தடவை.

"சார், போலீஸைக் கூப்பிடட்டுமா?" எதிர்வீட்டு அம்மாள் பாதிக் கதவைத் திறந்து கேட்டாள்.

"தாராளமா கூப்பிடுங்க. எங்க ஊர் ஸ்டேஷன் பூட்டே நான் மாட்டினதுதான். இது என் பொண்ணு வீடு."

"ஓ, உங்க பொண்ணா? பதினைஞ்சு நாள் எங்கயோ போயிட்டு வந்தது. அதுலேர்ந்து கழுத்தைச் சுத்தித் துப்பட்டாவும் அதுவுமா ஒரே ஸ்டைல்தான். மாடிப்படியில எதிர்ல பார்த்தா ஒரு வார்த்தை பேசாது. நல்லா வளர்த்திருக்கீங்க."

அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. அந்தக் கடைசி வார்த்தைக்குப் பயந்துதானே அவரும் அம்மாவும் காலையிலேயே ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

வேலைக்காக மகள் இங்கே தனியாகக் குடிவந்த நாளிலிருந்து ஒரு வழக்கம். காலை ஆறு மணிக்கு அவளுடைய ஜெபம் போனில் வந்துவிடும், குரல் செய்தியாக. அதைக் கேட்டபிறகுதான் ஊரில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஒரு மாதமாக மகள் போனை எடுப்பதில்லை. 'வேலை நெருக்கடி, மெசேஜ் போடுங்க' என்பதோடு சரி. ஆனால் ஜெபம் மட்டும் ஒருநாளும் தவறவில்லை. அதனால் இருவரும் நிம்மதியாகவே இருந்தார்கள்.

இன்று காலை வரை.

அம்மாவுக்குக் கோர்ட்டில் வேலை. சாட்சிகளின் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்பவள். எவன் எந்த இடத்தில் எச்சில் விழுங்கினான் என்றுகூடச் சொல்லிவிடுவாள். இன்றைய ஜெபத்தில் பன்னிரண்டாவது விநாடியில் ஓர் இருமல், கூடவே நாற்காலி இழுபடும் சத்தம். எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று பழையவற்றைத் தேடினாள். சரியாக முப்பது நாளுக்கு முன் வந்ததிலும் அதே இருமல், அதே நாற்காலி.

மகள் ஜெபிக்கவில்லை. பழையதை அனுப்புகிறாள்.

"விசுவாசத்தை விட்டுட்டான்னா நேராச் சொல்லட்டும்," அப்பா பல்லைக் கடித்தார். "ஆண்டவர் பேரை வச்சே நம்மளை ஏமாத்துவாளா?"

"ஏங்க, மெதுவா."

"நீதானே கண்டுபிடிச்சே?"

"ஏன்தான் கண்டுபிடிச்சேனோன்னு இருக்கு."

அம்மாவின் போன் அதிர்ந்தது. மகள்தான். 'நான் வீட்ல இல்ல. திரும்பிப் போயிடுங்க ப்ளீஸ்.'

அம்மா கதவில் காதை வைத்தாள். முகம் மாறியது.

"உள்ளதான் இருக்கா. மெசேஜ் போன சத்தம் இந்தப் பக்கம் கேட்டுச்சு. மூச்சும் கேக்குது. ஆனா..." அவள் நெற்றி சுருங்கியது. "இது அவ மூச்சு மாதிரி இல்லைங்க."

"கூட யாரு பாப்பா இருக்கா?" அப்பா கதவைத் தட்டினார். "ஒரே ஒரு வார்த்தை பேசு. 'எனக்கு நம்பிக்கை இல்லப்பா'ன்னு சொல்லிடு. பையைத் தூக்கிட்டுப் பேசாம போயிடறேன்."

அப்பா திருப்புளியை மறுபடி திருகினார்.

நாலாவது திருகாணி விழுந்தது. கதவு திறந்தது.

உள்ளே வேறு யாரும் இல்லை. கட்டட வரைபடங்கள் பரப்பிய சாய்வு மேஜைக்குப் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள், வரையும் பென்சில் கையிலேயே இருந்தது. கழுத்தில் துப்பட்டா.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றார் அப்பா. "ஜெபம் பண்றியா, இல்லையா?"

அவள் துப்பட்டாவை அவிழ்த்தாள்.

தொண்டைக்குழியில் ஒரு துளை. காய்ந்தும் காயாத தையல். மூச்சு அதன் வழியே சீறிக்கொண்டு போய் வந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் ஒரு வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வேகமாக எழுதினாள். 'கட்டி. குரல்வளையையே எடுத்துட்டாங்க. இனிமே குரல் வராது. நீங்க அழுதா ஆறுதல் சொல்ல என்கிட்ட வார்த்தை இருக்காது. அதான் மறைச்சேன்.'

"அப்போ தினமும் வந்த ஜெபம்?" அம்மாவின் குரல் பாதியிலேயே உடைந்தது.

'ஆபரேஷனுக்கு முந்தின நாள் பேசி வச்சேன். மொத்தம் முப்பது. நேத்தோட தீர்ந்துபோச்சு.'

அப்பா திருகாணிகளை இறுக்கிப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"எங்களைச் சமாதானப்படுத்தவா பாப்பா?"

அவள் பென்சிலை மறுபடி காகிதத்தில் வைத்தாள். பிறகு எழுதி, அவர் பக்கம் திருப்பினாள்.

'மொதல்ல ரெண்டு மூணு அப்படித்தான். அப்புறம் யோசிச்சேன்பா. குரல் இருக்கப்போறது இன்னிக்கு ஒருநாள்தான், கடைசியா யார்கிட்ட பேசறதுன்னு. உங்க நம்பரை எடுத்தேன். வச்சிட்டேன். மிச்ச நேரம் பூரா ஆண்டவர்கிட்டதான் பேசினேன்.'