குடையில் மூன்று பட்டை ஈரம்

ஏப்ரல் மாதத்தில் ஒரு குடை எப்படி நனையும் என்பது டென்னிஸுக்குப் பிடிபடவில்லை. கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் மழை பெய்து நாற்பது நாளுக்கு மேலாகிவிட்டது. மனைவி ஈவ்லின் வேலைக்குப் போய்வரும் பெங்களூரிலும் மழை இல்லை என்று டிவியில் தினமும் சொன்னார்கள். அப்படியும் மூன்று புதன்கிழமைகளாக, சாயங்கால வண்டியில் வந்திறங்கும் ஈவ்லினின் கறுப்புக் குடை மடிப்புக்குள் ஈரமாக இருந்தது.

முதல் தடவை அவர் கேட்டார். "இன்னா, அங்க மழையா?"

"ஆங், லேசா தூறல்" என்று சொல்லிவிட்டு ஈவ்லின் முகம் கழுவப் போய்விட்டாள். ஈரக்குடைகூட அவரை உறுத்தவில்லை, அந்தத் தூறல்தான் உறுத்தியது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் மெனக்கெட்டுப் பொய் சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

மூன்றாவது புதன்கிழமை, அவள் குளிக்கப் போன நேரத்தில் குடையை விரித்துப் பார்த்தார். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் அடியில், பம்பு ஸ்டேஷனில் சுரங்கம் மூடுகிற நாள்வரை வேலை பார்த்தவர் அவர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. குடைக்கு எட்டுப் பட்டை. மழையென்றால் எட்டும் நனையும். இதில் மூன்றே மூன்றுதான் நனைந்திருந்தன, மூன்றும் அடுத்தடுத்த பட்டைகள். உச்சிக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. அப்படியானால் தண்ணீர் மேலேயிருந்து விழவில்லை, பக்கவாட்டில் அடித்திருக்கிறது. முன்பு காய்ந்த இடங்களில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மழைத்தண்ணீர் காய்ந்தால் புள்ளி விழாது, உப்புள்ள போர்வெல் தண்ணீர் காய்ந்தால்தான் விழும். குடையைத் தரையில் சாய்த்து, ஒரு தட்டியைப் போல மறைப்பாக வைத்திருக்கிறாள். யாரோ குழாய்த் தண்ணீர் பாய்ச்சும் இடத்தில்.

கம்பிக்கும் துணிக்கும் நடுவே ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. லால்பாக் பூங்காவின் நுழைவுச் சீட்டு. பகல் ஒன்று இருபத்தைந்து. நபர் ஒன்று. அந்த நேரத்தில் அவள் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நபர் ஒன்று என்றிருந்ததிலும் அவருக்கு நிம்மதி இல்லை. இன்னொருவன் அவன் சீட்டை அவனே வாங்கியிருப்பான்.

மறுநாள் ஆண்டர்சன்பேட்டையில் சிரிலிடம் பேச்சுவாக்கில் கேட்டார். சிரில் அவரோடு வேலை பார்த்தவன், இப்போது மரமண்டியில் ராத்திரி வாட்ச்மேன்.

"லால்பாக்கா? அங்க குடை வெயிலுக்கில்ல மச்சான். ஜோடி ஜோடியா குந்திகினு, முன்னாடி குடைய விரிச்சி வெச்சிக்குவானுங்க. ஏன், உனக்கு இந்த வயசுல யாரு மாட்னது?"

டென்னிஸ் சிரிக்க முயன்றார். இருமல் வந்தது.

அந்த இருமல் பழையது. கல்தூசி நெஞ்சில் தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். படுத்தால் அதிகமாகும், உட்கார்ந்தால் குறையும். ஒரே அறை கொண்ட தகரச்சுவர் வீட்டில் ராத்திரி முழுக்க இருமுவது அவருக்கே கூச்சமாக இருந்த காலம் உண்டு. ஒருமுறை ஈவ்லினிடம் கேட்டுமிருக்கிறார். "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. உங்க இருமல் நின்னாதான் எனக்கு முழிப்பு வருது" என்று அவள் சிரித்தாள். அது அவருக்கு நன்றாகவே புரிந்தது. நைட் ஷிப்டில் பம்பு ஓடுகிற இரைச்சலில் அவர் நிம்மதியாகக் கண்ணயர்வார். பம்பு நின்றால் அடுத்த நொடி எழுந்து நிற்பார். பழகிய சத்தம் தாலாட்டு என்று எடுத்துக்கொண்டு, அதன்பின் அவர் கூச்சமில்லாமல் இருமினார்.

அடுத்த புதன்கிழமை ஈவ்லின் விடியற்காலை வண்டிக்குக் கிளம்பிப் போனபின், அவர் அடுத்த வண்டியைப் பிடித்தார். பன்னிரண்டரைக்கே லால்பாக் வந்துவிட்டார்.

வெயில் காய்ந்தது. ஆனாலும் தோட்டம் எதற்கும் குறைவில்லாமல் பூத்திருந்தது. இலையே இல்லாத மரங்களில் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூ, அடியில் அதே நிறத்தில் ஒரு வட்டம். கண்ணாடி மாளிகையின் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். டென்னிஸ் குடைகளை எண்ணினார். ஏழு. ஒவ்வொன்றின் கீழும் நான்கு கால்கள்.

புல்வெளியில் தண்ணீர் தெளிப்பான்கள் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. கவலையிலும் அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பீய்ச்சும் தண்ணீர் ஒரு சின்னக் கையைத் தள்ளுகிறது. ஸ்பிரிங் அதை இழுத்துவந்து மறுபடி மோதவைக்கிறது. ஒவ்வொரு மோதலுக்கும் குழாய் ஒரு விரற்கடை திரும்புகிறது. மோட்டார் இல்லை, ஆள் இல்லை. தண்ணீரே தன்னைத் திருப்பிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் போய் விழும் எல்லையைக் கண்ணால் தொடர்ந்தார். அங்கே ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஒன்றரை மணிக்கு ஈவ்லின் அதில் வந்து உட்கார்ந்து, குடையைத் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்த்து வைத்தாள்.

டென்னிஸ் ஒரு தடித்த மரத்தின் பின்னால் ஒதுங்கினார். குடைக்கு மேலே தலை தெரியவில்லை. கீழே அவளுடைய செருப்பு மட்டும் தெரிந்தது. அவர் இன்னொரு ஜோடிக் காலுக்காகக் காத்திருந்தார். அரைமணி நேரம் போயிற்று. யாரும் வரவில்லை. வரப்போகிறவன் தன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பானோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"யாருய்யா நீ?"

பின்னால் தோட்டவேலை செய்யும் அம்மாள் ஒருத்தி, கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். காக்கிச் சட்டையில் பாப்பம்மா என்று பெயர் குத்தியிருந்தது.

"அப்பருந்து பாக்கறேன், அந்தம்மாவையே மொறச்சிகினு கீற. செக்யூரிட்டிய கூப்பிடவா?"

"அது என் சம்சாரம்மா."

"அய்ய, புடிச்சிட்டாங்கன்னா எல்லாரும் இத்தத்தான் சொல்றானுங்க. அதோட வூட்டுக்காரரு நெஞ்சு சீக்காளி, ஊர்ல படுத்துகினு கீறாரு. எனக்குத் தெரியாதா? பாவம், அரைநாள் லீவுன்னா இங்க வந்து ரெண்டு மணிநேரம் தூங்கிட்டுப் போகும். தண்ணி மேல அடிச்சாகூட எழுந்திரிக்காது. நான்தான் அதோட கைப்பையப் பாத்துக்கறேன்."

"தூங்கவா வரா?"

"பின்ன, டான்ஸ் ஆடவா?"

டென்னிஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் முந்திக்கொண்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வர இருமினார். பாப்பம்மாவின் முகம் மெல்ல மாறியது. அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவர் முதுகைத் தேய்த்தாள். இருபதடி தூரத்தில் பெஞ்சில் ஓர் அசைவும் இல்லை. இருமல் நீண்டது. அவள் தூங்கிக்கொண்டேயிருந்தாள்.

பிறகு இருமல் நின்றது.

குடை சரிந்து விழுந்தது. ஈவ்லின் படக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். கண் திறக்குமுன்பே அவளுடைய வலதுகை பக்கத்தில் நீண்டு வெறும் சிமெண்டைத் தடவியது. ஒரு நெஞ்சைத் தேடுகிற மாதிரி, உள்ளங்கையை விரித்து, அழுத்தி. அதற்குப் பிறகுதான் அவள் கண்ணைத் திறந்து, இது வீடில்லை என்று பார்த்தாள். மரத்தடியில் நின்றவரையும் பார்த்தாள்.

"நீங்களா?" அவள் குரல் தூக்கத்தில் கரகரத்தது. பாப்பம்மாவையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பின்னாலயே வந்தீங்களா? என்மேல சந்தேகமா?"

டென்னிஸ் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் வந்து இருவர் மேலும் அடித்துவிட்டுப் போயிற்று.

"இந்த வயசுல என்னைப் பாக்க எவன்யா லால்பாக்குக்கு வருவான்?" அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வந்தான்னா, தூங்க வுடுடான்னு தொரத்தியிருப்பேன்."

"இருமல் பழகிடுச்சின்னு சொன்னியே ஈவ்லின்."

"பழகிடுச்சிதான். இருமற வரைக்கும் மூச்சு கீதுன்னு தூங்கிடுவேன். நின்னுதுன்னா முழிச்சிக்குவேன். கைய வெச்சிப் பாப்பேன். மேல கீழ போவுதான்னு எண்ணிகினே இருப்பேன். ஒரு ராத்திரிக்கு எத்தினி வாட்டி நிக்குது தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. இருமல் நின்றிருக்கும் நேரமெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க இருமறதுக்கே பயப்படுவீங்க. அடக்கிகினு கெடப்பீங்க."

பாப்பம்மா பைப்பைத் திருகித் தண்ணீரின் எல்லையைக் குறைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தப்பக்கம் போனாள். டென்னிஸுக்கு வெட்கம் ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம் பழைய பம்புக்காரரின் மூளை வேலை செய்துகொண்டிருந்தது. ஒரே வீடு, ஒரே அறை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் படுப்பதுதான் கோளாறு.

"ராத்திரி நான் சிரிலோட மரமண்டில இருக்கறேன்" என்றார். "உட்கார்ந்தா எனக்கு இருமல் பாதி. துணைக்கு ஆள் வேணும்னு அவனும் கேட்டுகினுதான் கீறான்."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "சிரில் அண்ணன் தூங்கிட்டா?"

"என்னைப் பக்கத்துல வெச்சிகினு எவன் தூங்குவான்?"

"அப்ப நீங்க எப்பத்தான் படுப்பீங்க?"

"நீ வேலைக்குப் போனப்புறம்."

"பகல்ல நின்னுதுன்னா? யாரு பாப்பாங்க?"

அதற்கும் அவர் யோசித்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டு லவினா பகலெல்லாம் தையல் மிஷினில் இருப்பாள், நடுவே ஒரு தகரச்சுவர்தான். இருமல் ரொம்ப நேரம் கேட்காவிட்டால் அவள் சுவரைத் தட்டுவாள். உள்ளேயிருந்து இவர் திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அவள் கதவைத் திறந்துகொண்டு வருவாள்.

ஈவ்லின் கொஞ்சநேரம் அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். "சரி, பாக்கலாம்" என்றாள். சாயங்கால வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. அவள் பெஞ்சில் சாய்ந்துகொண்டாள்.

அந்த வாரமே ஆரம்பித்தார்கள். ராத்திரி ஒன்பதிலிருந்து நான்குவரை டென்னிஸ் மரமண்டியில் உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்குப் பாலோடு வந்து ஈவ்லினை எழுப்பினார். அவள் வண்டிக்குக் கிளம்பியதும், அவள் எழுந்த சூடு ஆறுமுன் அதே பாயில் அவர் படுத்துக்கொண்டார்.