ஒப்பிக்காத சாட்சி

“அடுப்புல கைய வச்சவ அவ. என் உருளையையா குத்தம் சொல்றீங்க?”

முதலாளியின் குரல் நீராவியையும் மீறிக் கேட்டது. சரியாக விடியக்கூட இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஈரமும் மருந்து வாடையுமாகக் குவிந்து கிடந்தன. அவற்றைத் தேய்த்துத் தள்ளும் பெரிய சூட்டு உருளை ஓடாமல் நின்றது. அது நின்று அந்தச் சலவைக்கூடத்தில் யாரும் பார்த்ததில்லை.

“அடுப்புல சுட்டா விரல் தட்டையாவா போகும்?” என்றார் கண்ணாடிக்காரர். துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். மூக்குக்கண்ணாடியில் எந்நேரமும் ஆவி படிந்திருக்கும். வாய் மட்டும் தெளிவு. “வேலை வேகமா நடக்கணும்னு உருளைக்கு முன்னால இருந்த தடுப்பக் கழட்டச் சொன்னது யாரு?”

முந்தின நாள் அதில் கை போனது புதுப்பொண்ணுக்கு. கல்யாணமான கையோடு வேலைக்கு வந்தவள். வருஷங்கள் ஆகியும் பெயர் பழசாகவில்லை. அவள் விசா முதலாளியின் கம்பெனியில் தொங்கியது. வேலை போனால் விசாவும் போய்விடும். புருஷனின் விசா அவள் விசாவில் தொங்கியது. ஒரு கிளிப்பைக் கழற்றினால் கொடியில் தொங்குவதெல்லாம் விழும்.

“விசாரிக்க இன்னிக்கு ஆள் வருது. வீட்ல சமைக்கிறப்ப சுட்டுக்கிட்டான்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். எங்க, ஒரு தடவ சொல்லுங்க பாப்போம்.”

மேஸ்திரிதான் முதலில் சொன்னார். ஆமாஞ்சாமி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

விரிப்புகளை மடிக்கிற மடிப்பக்கா சிரித்துவிட்டாள். சிரிக்கிற இடமா அது? ஆனால் அவள் பட்ட பாடு அப்படி. சொந்த நாட்டிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்து அகதி விண்ணப்பம் போட்டவள். நேர்காணலுக்குக் கூடமே சேர்ந்து அவளைப் பழக்கியது. விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையைப் பிடித்தவர் அதிகாரியாகிவிடுவார். “கதவைத் தட்டினது யாரு? எத்தனை பேர்?” மடித்து முடிப்பதற்குள் பதில் வந்தாக வேண்டும். பாவிகள், நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். நேர்காணலில் அண்ணன் செத்த இடத்தைக்கூட மூச்சு வாங்காமல் சொன்னாள். எங்கும் தடுமாறவில்லை, ஆகவே மனப்பாடம் செய்த கதை என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். நடந்ததெல்லாம் உண்மை; இஸ்திரி போட்ட உண்மை. இப்போது மேல்முறையீடு. அது முடியும்வரை வாரா வாரம் குடியேற்றத் துறை ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

“என்ன சிரிப்பு?”

“எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா மாட்டிக்குவீங்க முதலாளி. நான் பட்டவ.”

முதலாளி குரலைத் தணித்தார். அவர் கத்தும்போது யாருக்கும் பயம் வருவதில்லை. “கையெழுத்துப் போடப் போறியே, அந்த ஆபீஸ்ல எனக்கும் ஆள் இருக்கு. உள்ள போறவங்க எல்லாரும் வெளிய வர்றதில்ல, தெரியுமில்ல?”

வெளியே, விசா இல்லாதவர்களை ஏற்றிப்போகிற ஜன்னலே இல்லாத சாம்பல்நிற வண்டி ஒன்று வந்து நின்றது. ஒவ்வொருவருக்கும் தனக்காகத்தான் என்று தோன்றியது.

சரி என்று சொல்லிவிடத்தான் மடிப்பக்காவுக்கும் நாக்கு எழுந்தது. ஆனால் உருளையை நிறுத்தி, தூக்கி, அந்தக் கையை வெளியே எடுத்தவள் அவள். தோல் துணியில் ஒட்டியிருந்தது. அதை மடித்து எங்கே வைப்பது?

கதவு தட்டப்பட்டது. அதிகாரி என்றால் பாதிப் பேர் பாய்லர் அறைக்குள் போய்விட வேண்டும். விசா நல்லதோ கெட்டதோ, முதலாளி பழக்கியது அப்படி. ஆமாஞ்சாமி அந்த அறைக்குப் போகும் பின்கதவைக் காட்டினார். மடிப்பக்கா நகரவில்லை.

“யாரும் ஒப்பிக்காதீங்க. அவங்கவங்க கண்டத மட்டும் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க.”

“அக்கா, உன் கேஸு?” என்றார் கண்ணாடிக்காரர்.

“அதான் நீங்கல்லாம் சேர்ந்து ஏற்கெனவே கெடுத்தாச்சே. வாங்க.”

பின்கதவு திறக்கவே இல்லை. தொழிலாளர் துறையிலிருந்து வந்த அம்மாள் கேட்கக் கேட்க, ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி முதலில் அலறல் என்றாள், இன்னொருத்தி தீய்ந்த வாடை என்றாள். “நான் எதையும் பாக்கல, கண்ணாடில ஆவி,” என்றார் கண்ணாடிக்காரர். “ஆனா தடுப்பக் கழட்ட ஸ்பேனர் குடுத்தது நான்தான்.” மடிப்பக்கா நடுவில் தொடங்கினாள், பின்னால் போனாள், அழுதாள், மறுபடி தொடங்கினாள். அந்த அம்மாள் ஒரு வரியும் விடாமல் எழுதிக்கொண்டார்.

முதலாளி சொன்னபடியே அந்த ஆபீஸில் இருந்த தன் ஆளுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். அடுத்த கையெழுத்து நாளில் சாம்பல் வண்டி அந்த ஆபீஸ் வாசலில் நின்றது. மடிப்பக்கா உள்ளே போனாள். காலைமுறை ஆட்கள் மொத்தப் பேரும் ஈர ரப்பர் செருப்போடு வாசலில் நின்றார்கள். நின்றதற்கே விசா போகலாம் என்று தெரிந்துதான் நின்றார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் அவளை வெளியே விட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அவள் போகும்போது பாதிப் பேராவது வாசலில்.

விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது. அது முடியும்வரை புதுப்பொண்ணு இந்த நாட்டில் இருக்கலாமாம். புருஷனோடு மடிப்பக்காவின் மாடிக்கே குடிவந்துவிட்டாள். ஆமாஞ்சாமி வேறு ஊர்ச் சலவைக்கூடத்துக்குத் தலையாட்டப் போய்விட்டார். வாசலில் நின்று நின்றே கண்ணாடிக்காரருக்கும், அதே வாசலில் தம்பிக்காகக் காத்திருந்த தையல்காரிக்கும் கல்யாணமாயிற்று. நாள் பார்த்த லட்சணம், அது கையெழுத்து நாளாகப் போயிற்று. மாலையும் கழுத்துமாக இருவரும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள், விருந்துக்கு வந்தவர்கள் அவர்கள் பின்னால். மடிப்பக்கா வெளியே வரும்வரை யாரும் சாப்பிட உட்காரவில்லை.