ஈரச் சண்டை

பவளமூக்குத் தீவுக்குள் ஈரமான சண்டைகளைக் கொண்டுபோகக் கூடாது. காய்ந்த சண்டை எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். விதையையும் மண் ஒட்டிய கிழங்கையும் தடுப்பது போலத்தான் இதுவும். ஈரச் சண்டை அந்த மண்ணில் விழுந்தால் மறுநாளே முளைத்துவிடும்.

டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜெண்ட் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். "பேசி முடிச்சு, நல்லா வெயில்ல காயவெச்சு எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு ஈரமா இருந்தாலும் வந்த விமானத்துலயே திருப்பி ஏத்திருவாங்க."

கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்த பவுன்ராஜும், அறிவியல் டீச்சரான அவர் மனைவி செண்பகவல்லியும் அதுவரை விமானம் ஏறியதில்லை. பிள்ளையைக் கட்டிக்கொடுத்த கையோடு, இனி நமக்காக ஒரு பயணம் என்று செண்பகவல்லிதான் தீவைத் தேர்ந்தெடுத்தாள். போன விமானத்திலேயே திருப்பி அனுப்பப்படுவதற்காக அவள் லீவு போடவில்லை.

எனவே தினமும் சாப்பிட்டு முடித்ததும் இருவரும் உட்கார்ந்து சண்டைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். காலையில் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, வடகம் போல அவற்றைப் பரப்பினார்கள். ஃபேனை எத்தனையில் வைப்பது என்ற சண்டை காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. மகளுக்குப் பெயர் வைத்த சண்டை தடிமனானது, திருப்பிப் போட வேண்டியிருந்தது. நாத்தனார் சண்டையை மட்டும் காகம் கொத்தியது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "டீச்சர், எங்க வீட்டுதையும் ஒரு ஓரமா போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். இடமிருந்தது, போட்டுக்கொண்டாள்.

இமிக்ரேஷனுக்கும் பயிற்சி நடந்தது. செண்பகவல்லி சமையல் மேடைக்கு அந்தப் பக்கம் நின்று, "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று அதட்டுவாள்.

"சும்மாதாம்மா" என்பார் பவுன்ராஜ், பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டி.

"எத்தனை நாள் இருப்பீங்க?"

"நீ சொல்ற வரைக்கும்."

"அம்மான்னு கூப்பிடாதீங்க, மேடம்னு சொல்லுங்க" என்று திருத்திவிட்டு, குழம்பைக் கிளறப் போவாள்.

ஒரே ஒரு சண்டை மட்டும் மிஞ்சியது. கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்குப் பஸ்ஸில் போனபோது, யார் யார் தோளில் முதலில் தூங்கினார்கள் என்ற சண்டை. அவர் தோளில் அவள் தூங்கியதாக அவர் சொல்வார், அவள் தோளில் அவர் தூங்கியதாக அவள் சொல்வாள். அதை எடுத்தாலே இருவருக்கும் குரல் ஏறும், கன்னம் சிவக்கும். பேசித் தீர்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அதைப் பருப்புப்பொடி டப்பாவுக்குள் பொடிக்கு அடியில் வைத்து, டப்பாவைக் கைப்பைக்குள் திணித்துவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை.

தீவின் விமான நிலையம் வெளிச்சமாக இருந்தது. இமிக்ரேஷனில் பவுன்ராஜ் "சும்மாதான் மேடம்" என்றார், முத்திரை விழுந்தது. அடுத்து சுங்கம். அங்கிருந்த அதிகாரி தலையில் செம்பருத்தி வைத்திருந்தாள். அந்தத் தீவில் எதிரே நிற்பவரின் மொழிதான் கவுண்டரின் மொழி என்பதால், அவள் கோவில்பட்டித் தமிழே பேசினாள். காய்ந்த சண்டைகளை ஒடித்துப் பார்த்தாள். எல்லாம் மொறுமொறுவென்று இருந்தன. பிறகு கைப்பையைத் தொட்டாள். விரலில் ஈரம் பட்டது.

"இது என்னக்கா?"

செண்பகவல்லி கைப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே, அவர்கள் வந்த விமானம் இன்னும் கிளம்பாமல் நின்றது.

"இங்கயே பேசி முடிச்சிருங்க. இல்லன்னா ரெண்டு பேரும் ஏறிர வேண்டியதுதான்" என்றாள் அதிகாரி.

செண்பகவல்லி விமானத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். "சரி, நீங்க சொன்னதுதான் நிசம். நான்தான் உங்க தோள்ல தூங்குனேன்."

பவுன்ராஜுக்கு அது பொறுக்கவில்லை. "அதெப்படி? நான்தான உன் தோள்ல தூங்குனேன். வாயத் தொறந்து வேற தூங்குனேன்."

"நீங்க எங்க தூங்குனீங்க? மழைச் சாரல் என்மேல படாம இருக்க ஜன்னல் பக்கம் முட்டுக் கொடுத்துட்டுல்ல இருந்தீங்க!"

"முழிச்சுக்கிட்டு இருந்த உனக்குத்தான அது தெரியும்?"

"கண்ண மூடிக்கிட்டுத்தான் பாத்தேன்!"

வரிசையில் நின்றவர்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டார்கள். பாதிப்பேர் அவர் பக்கமும் பாதிப்பேர் அவள் பக்கமுமாகக் கை தூக்கினார்கள். பவுன்ராஜ் மனைவியின் முகத்தைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். செண்பகவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அதிகாரி டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததை விரலால் அமுக்கினாள். அது ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் இளஞ்சூடாகவும் இருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"இது சண்டை இல்லக்கா, கொஞ்சல். கொஞ்சலுக்கு வரி கிடையாது, காய வைக்கவும் கூடாது. தினமும் லேசாத் தண்ணி தெளிச்சுக்கங்க" என்று மூடித் தந்தாள்.

வெளியே ஓட்டுநர்கள் வரிசையாக நின்றார்கள். கடைசியில், பவுன்ராஜ் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி கடல் நின்றுகொண்டிருந்தது. "சாமான் இவ்வளவுதானா?" என்று கேட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டது. அதன் அலையில் பவுன்ராஜ் முன்னால் ஏறிக்கொண்டார். செண்பகவல்லி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஏறினாள்.