கஞ்சி போட்ட காயில்

12 பிப்ரவரி 1988, வெள்ளி

இன்றைய தவறு என்னுடையது. என்னோடு சேர்ந்து காயில் செய்யும் நர்கீஸுக்கு அதில் பங்கில்லை. செம்புக் கம்பிச் சுற்றுக்கு வார்னிஷ் பூசாமல் கஞ்சி போட்டுவிட்டேன்.

சின்னாளபட்டியில் கஞ்சி போடாத பாவு நூலை யாரும் தறியில் ஏற்றமாட்டார்கள். இழை பிரியாமல், பிசிறாமல் நிற்க எங்கள் வீட்டில் தெரிந்த வழி அதுதான். பி.வி.சி. குழாயில் தலைமுடி போன்ற கம்பியை ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றி முடித்ததும், அது கழன்றுவிடக் கூடாதே என்று என் கை தானாக அடுப்படிக்குப் போயிருக்கிறது. வடிகஞ்சியைத் துணியில் தோய்த்து ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. யோசித்துச் செய்ததாக இருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியதை யார் சொல்கிறார்கள்?

நாங்கள் செய்வது டெஸ்லா காயில். வீட்டுக் கரண்டை லட்சம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, உச்சியில் இருக்கும் அலுமினியக் குமிழிலிருந்து மின்னலாகக் காற்றில் பாயவிடும் கருவி. பழைய வகை பீரோ அளவு இருக்கும். உள்ளே ஓர் இடைவெளியில் பொறி படபடவென்று வெடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுடையதில் அந்த வெடிப்பு கிடையாது. மாஸ்ஃபெட் என்னும் புது வகை டிரான்சிஸ்டர் இரண்டு, நொடிக்கு லட்சக்கணக்கான தடவை கரண்டைத் திறந்து மூடும். மொத்தமும் ஓர் அடுக்குக் கேரியர் உயரம். மாஸ்ஃபெட்டை நர்கீஸின் அண்ணன் தோல் லோடோடு மெட்ராஸ் போனபோது வாங்கிவந்தார். முதல் ஜோடி போன வாரம் வெடித்துவிட்டது. மிச்சம் ஒரே ஜோடி.

நாகல் நகரில் சைக்கிள் கடை மாடியில் நடக்கும் எங்கள் ரிப்பேர் மாலை வகுப்பில் இரண்டு மேஜைகள். ஜன்னலோரம் ரேடியோ மேஜை. பேட்டரியில் ஓடும் சாமான்கள். சுவரோரம் கரண்டு மேஜை; டி.வி., ஸ்டெபிலைசர், மோட்டார் ஸ்டார்ட்டர். பெண்களுக்கு ரேடியோ மேஜைதான் என்பது பாஸ்கல் சார் யாரும் கேட்காமலே வைத்திருந்த வழக்கம். கடைக்காரர்கள் ஆள் தேடி வந்தால் கரண்டு மேஜைப் பக்கம்தான் பார்ப்பார்கள். போன மாதம் கரண்டு மேஜையில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். சார் தலையைச் சொறிந்துவிட்டு, "அடுத்த மாசக் கண்காட்சியில ஒங்க காயிலு ஒரு சாண் மின்னல் விடட்டும்மா. அப்பறம் ஒக்காருங்க" என்றார்.

பொன்ராஜ் உடனே, "ஒரு சாணா? கேஸ் லைட்டர் பொறியக் காட்டி ஏமாத்தப் போகுதுக ரெண்டும்" என்றான். அவன் கரண்டு மேஜைக்காரன்.

ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிக்கு இன்று சோதனை. வழக்கம்போல மெயினில் ஒரு நூறு வாட் பல்பைத் தொடராக மாட்டினோம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும். வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை மெல்லத் திருப்பினேன். குமிழின் நுனியில் அரிசி நீளத்துக்கு ஒரு ஊதாப் பொட்டு. இன்னும் திருப்பினேன். பொட்டு வளரவில்லை, பல்புதான் சிவந்தது. காயிலின் கீழ்ப்பாதியில் சுற்றுக்குச் சுற்று மினுக் மினுக் என்று எதுவோ ஓடியது. நான் சர்க்யூட் படத்தைத் தூக்கிக்கொண்டு, எந்த ரெசிஸ்டரைத் தப்பாகப் போட்டேன் என்று தேட ஆரம்பித்தேன். நான் எப்போதும் அங்கேதான் தேடுவேன்.

நர்கீஸ் மூக்கை உறிஞ்சினாள். "ஏய் கலா, அடிப்பிடிச்ச சோத்து வாசன வருது. காயிலா, ஆக்கிவச்ச பானையா?"

அப்போதுதான் புரிந்தது. கஞ்சி எவ்வளவு காய்ந்தாலும் காற்றில் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். உச்சிக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே சுற்றிலிருந்து சுற்றுக்குக் கசிந்திருக்கிறது. சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்து மேஜையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள்.

"புதுக் கம்பி வாங்கிச் சுத்த நேரமில்லடி" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சுத்த வேண்டாம். அலசிப்புடுவோம்."

13, சனி

கஞ்சி வெந்நீரில் விட்டுவிடும். இரண்டு முனைகளையும் டேப்பால் இறுக்கி, காயிலை அண்டாவில் படுக்கவைத்தேன்.

"இம்புட்டுத் தண்ணிய யாருக்குடி சுட வச்ச?" என்றார் அம்மா.

"காயிலக் குளுப்பாட்டணும்மா."

"தல முழுக்காட்டா, ஒடம்புக்கு மட்டுமா?"

தண்ணீர் பால்போலக் கலங்கியது. மூன்றாவது தண்ணீர் தெளிவாக வந்தது. சில சுற்றுகள் தளர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறப் பார்த்தன. விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி வரிசைப்படுத்தினேன். பகல் முழுக்க மாடி வெயில். பிறகு நர்கீஸ் மோட்டார் வைண்டிங் கடையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வாங்கித் தந்த வார்னிஷை மெல்லிசாகப் பூசினேன். அது காயாமல் கரண்டு கொடுத்தால் தீப்பிடிக்கும். எத்தனை முறை எழுந்துபோய் முகர்ந்தேன் என்று எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

14, ஞாயிறு

கண்காட்சியைக் காலையிலேயே வைத்துக்கொண்டோம்; சாயங்காலம் நாகல் நகரில் வோல்ட்டேஜ் குறைந்து பல்பு நெருப்புத் துண்டு மாதிரி சிவந்து கிடக்கும். இருட்டுக்காக ஜன்னல்களில் சாக்கு தொங்கவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள்.

"வெள்ளிக்கெழம மின்னல் ஏம்மா வரல?" என்று எல்லார் முன்னாலும் சார் கேட்டார்.

மறைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "கஞ்சி போட்டிருந்தேன் சார்."

சிரிப்பில் மாடி அதிர்ந்தது. "ஊறுகாயும் வச்சியா?" என்றான் பொன்ராஜ்.

"ஒனக்குத்தான் எடுத்து வச்சிருக்கோம், செத்த நேரம் பொறு" என்றாள் நர்கீஸ்.

சார் தன் கையை அகல விரித்து, குமிழிலிருந்து ஒரு சாண் அளந்து, எர்த் ஒயர் கட்டிய ஆணியை நிறுத்தினார். அவருடைய சாண் பெரிது. வேரியாக்கில் அவர் கை வைக்கப் போனபோது, "நான் திருப்புறேன் சார்" என்றேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

முதலில் பல்பைத் தொடரில் வைத்தே திருப்பினேன்; அது மங்கலாகவே இருந்தது. ஷார்ட் இல்லை. கரண்டை நிறுத்தி, நர்கீஸ் அதைக் கழற்றி நேராக இணைத்தாள். இனி மாஸ்ஃபெட்டுக்குக் காவல் கிடையாது. பாதி வரை திருப்பினேன். விரல் நீளத்தில் ஒரு பொறி, நடுங்கிக்கொண்டு. முக்கால் வரை. அதே விரல் நீளம். யாரோ கொட்டாவி விட்டார்கள். என் மனம் மறுபடி ரெசிஸ்டர்களை எண்ணப் போனது. போகவிடவில்லை. அலசியதில் சுற்றுகள் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன, வார்னிஷ் வேறு ஏறியிருக்கிறது. காயிலுக்குப் பிடித்த வேகமும் கொஞ்சம் மாறியிருக்கும். அவ்வளவுதான். மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடவைக்கும் ஆசிலேட்டரின் வேகத்தைத் திருத்தும் சிறு திருகில் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரை வைத்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.

பொறி நீண்டது. நாக்காகி, கிளை விட்டது. இன்னும் ஓர் இழை. உறுமலோடு எழுந்து, வெள்ளையும் ஊதாவுமாக முறுக்கிக்கொண்டு ஆணியைப் பிடித்துக்கொண்டது.

நிறுத்தினேன். சார் ஆணியை இன்னும் அரைச் சாண் தள்ளிவைத்தார். மறுபடி திருப்பினேன். அதையும் பிடித்தது. பொன்ராஜ் பின்னால் நகர்ந்து சைக்கிள் டயர்க் குவியலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, எந்திரிடா, இன்னும் முடியல" என்று நர்கீஸ் ஒரு டியூப்லைட்டைக் கையில் பிடித்துத் தள்ளி நின்றாள். ஒயர் எதுவும் இல்லை. அவள் கையிலேயே அது வெள்ளையாக எரிந்தது. அவள் அறைக்குள் நடக்க நடக்க, சுவரோரம் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்து மறைந்தன. கடைசியில் என் பக்கம் கொண்டுவந்து பிடித்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாக்குகளை அவிழ்க்கும்போது சார் சொன்னார்: "கரண்டு மேஜைக்கு ஸ்டூலு ரெண்டு கொறயும். நீங்களே கொண்டாங்க."

மாஸ்ஃபெட் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். சூடுதான், பிழைத்திருக்கின்றன.

நாளை வேலை: வடமதுரை டாக்டர் வீட்டு ஸ்டெபிலைசர் கரண்டு மேஜையில் கிடக்கிறது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். பிறகு மூடியைக் கழற்றி, ரிலே முனைகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.