மூடி திறக்காத எண்ணெய்ப் புட்டி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பதினாறு பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வேண்டுமென்றால் இந்த ஒருநாள் வகுப்பில் தேற வேண்டும். காபியும் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியும் பின்மேசையில் ஆறிக்கொண்டிருந்தன.

லோரெட்டாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மான் வேட்டைக் காலம் வந்தால் பள்ளி வகுப்புகளே காலியாகிவிடும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து அந்த ஊரில், பதினோரு வருடமாகத் துப்பாக்கி இருக்கும் அறைக்குள்கூட அவள் போனதில்லை. ஆனால் இந்த வசந்தத்தில் அவள் தெருவிலேயே இரண்டு வீட்டின் கதவைத் திருடர்கள் உடைத்துவிட்டார்கள். பயம் யாரை விட்டது? வியாழக்கிழமை ஒரு கைத்துப்பாக்கி வாங்கினாள். பெட்டி பிரிக்காமல் காலடியில் இருந்தது.

சொல்லிக் கொடுப்பவர் ஆர்வில் காம்ப்ஸ், அந்த மாவட்டக் காவல்துறையில் துணை ஷெரிஃபாக இருந்து ஓய்வுபெற்றவர். வாசலில் அந்நியன் நின்றால் என்ன செய்வது, எப்போது சுடக்கூடாது என்று மதியம்வரை விளக்கினார். பிறகு துப்பாக்கியைச் சுத்தம் செய்து காட்ட எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். அந்த வாடை லோரெட்டாவின் மூக்கில் ஏறியது. நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

துணியால் துடைத்தபடியே ஆர்வில் சாதாரணமாகச் சொன்னார்: "துடைக்கும்போது வெடிச்சுருச்சுன்னு நாலு வீட்டுக்கு அறிக்கை எழுதியிருக்கேன். நாலுமே பொய். நாலு பேரும் தானே சுட்டுக்கிட்டவங்க. குடும்பம் தலை நிமிந்து நடக்கணும்னு எழுதுனது. ஒரு வீட்டுல எண்ணெய்ப் புட்டியோட மூடிகூடத் திறக்கல. அப்பவும் அப்படித்தான் எழுதினேன்."

லோரெட்டாவின் காதில் மட்டும் அம்மாவின் குரல் கேட்டது. பதினோரு வருடத்துக்கு முந்தைய மதியம் அது. பக்கத்து அறையில் தம்பி வெண்டல் செத்துக் கிடந்தான். ஷெரிஃப் ஆட்கள் வருவதற்குள் மேசையில் துணியையும் எண்ணெயையும் எடுத்து வைக்கச் சொன்னாள் அம்மா. எடுத்து வைத்தவள் லோரெட்டா. மூடியைத் திறக்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை. அன்று முதல் வெண்டல் அவள் கனவில் வருகிறான். எதுவும் பேசுவதில்லை, மேசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

பிற்பகலில் வெளித் திடலில் வகுப்புத் துப்பாக்கியால் சுட்டுக் காட்டச் சொன்னார்கள். இருபது குண்டில் பதினொன்று காகித மனிதனின் மேல் பட்டால் போதும். அவள் சுட்டதில் பதினேழு பட்டது. பக்கத்தில் இருந்தவர் இவ்வளவு நாளாக இந்தத் திறமையை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேலி செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காகிதத்துக்கு முகம் இல்லை. அவள் பார்க்கப் பார்க்க அதில் அவள் மகனின் முகம் வந்து உட்கார்ந்தது.

மகன் கோல்பிக்கு இருபத்தாறு வயது. மனைவி குழந்தையோடு பிரிந்து போனதும் இரண்டு மாதத்துக்கு முன்பு அம்மா வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தான். வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது. போன வாரம் தன் வேட்டைக் கத்திகளையும் தூண்டில்களையும் நண்பர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். கொஞ்ச நாளில் தேறிவிடுவான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். வெண்டலைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்.

எல்லாரும் போன பிறகு அவள் ஆர்வில் முன்னால் போய் நின்றாள்.

"அந்த மூடி திறக்காத வீடு எங்க வீடுதானே?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "ஆமாம்மா. உங்களுக்கு நல்லது செய்றதா நெனச்சுட்டேன்."

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். அதனால எங்க வீட்டுல ஒருத்தரும் அதைப் பேசினதே இல்ல. இப்ப எம்மகன் வீட்டுல இருக்கான். இந்தப் பெட்டிய நீங்க வச்சுக்கோங்க."

ஆர்வில் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். மனசு சரியில்லாதவர் இருக்கும் வீட்டின் துப்பாக்கியை நண்பன் வாங்கி வைத்துக்கொள்வது அந்த ஊரில் உள்ள பழக்கம்தான். வெட்கத்தால் பலர் கேட்பதில்லை. அவர் பெட்டியைத் தன் வண்டியில் வைத்துப் பூட்டினார்.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் கீழ்த்தளத்துக்குப் போனாள். கோல்பி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே மூட்டிவிட்டது போலாகிவிடுமோ என்று அவள் பயந்தாள். இருந்தாலும் கேட்டாள்.

"கண்ணு, செத்துடலாம்னு நெனைக்கிறியா?"

அவன் தோள் குலுங்கியது. "ரெண்டு வாரமா, அம்மா. எப்படியாவது நீயே கேட்டுர மாட்டியான்னு இருந்துச்சு."

அவள் அவன் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வெண்டல் மாமா உண்மையில் எப்படிச் செத்தான் என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவனைக் கைப்பிடித்து எழுப்பினாள்.

"வா, இப்பவே டாக்டர்கிட்ட போலாம். நாங்க துப்பாக்கியத் திறந்து போட்டுட்டு வாயப் பூட்டி வச்சிருந்தோம்டா. பூட்ட வேண்டியது துப்பாக்கியத்தான்."