கதவின் கீழ்விளிம்புக்குக் கீழே

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. வாய்விட்டுச் சிரித்த சிரிப்பல்ல. மூக்கால் விட்ட சிரிப்பு.

கார் பிரியர்களுக்கான மாத இதழ் ஒன்று என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: "வீட்டிலேயே கார் பாலிஷ்: முதுகையும் முட்டியையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி?" எனக்குக் காரைப் பற்றியும் தெரியாது, முட்டியைப் பற்றியும் தெரியாது. ஆகவே எங்கள் பின்தெருவில், வீட்டை ஒட்டிய கொட்டகையில் கார்களைக் கழுவிப் பாலிஷ் போட்டுத் தரும் ஒருவரைத் தேடிப் போனேன். பாலிஷ்காரர் என்றே சொல்கிறேன். அவர் மூன்று விதிகள் சொன்னார். குனியாதே. முட்டி போடாதே. உடம்பை முறுக்காதே.

இரண்டாவது விதி வந்தபோதுதான், தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி மூக்கால் சிரித்தார்.

"என்ன?" என்றார் பாலிஷ்காரர்.

"ஒண்ணுமில்ல. தும்மல் வந்துச்சு."

தும்மலுக்கும் சிரிப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். கட்டுரை அன்றோடு நின்றுபோனது.

2

முதல் தொடக்கம்: "பாலிஷ்காரரின் முதுகு, பல வருடங்கள் பாரம் சுமந்த ஒரு—" அடித்துவிட்டேன். அடுத்தவர் முதுகை வைத்து அழகாக எழுதுகிறவனை நம்பக் கூடாது.

இரண்டாம் தொடக்கம்: "மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே—" கட்டுரை வாடை அடிக்கிறது.

மூன்றாம் தொடக்கம்: "ஒரு திங்கட்கிழமை காலையில், தன்னுடைய சக்கர ஸ்டூலில் யாரோ உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பாலிஷ்காரருக்குத் தெரிந்தது."

இது இருக்கட்டும். இதில் குறைந்தபட்சம் ஒரு குற்றவாளி உண்டு.

3

ஒரு திங்கட்கிழமை காலையில், தன்னுடைய சக்கர ஸ்டூலில் யாரோ உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பாலிஷ்காரருக்குத் தெரிந்தது. ஸ்டூலின் கம்பியில் நான்கு ஓட்டைகள். எந்த ஓட்டையில் பின்னைச் செருகுகிறோமோ அந்த உயரத்தில் நிற்கும். அவர் ஆள் உயரம்; எப்போதும் மூன்றாவது ஓட்டைதான். இன்று அந்தப் பின் அடியிலிருக்கும் முதல் ஓட்டையில் இருந்தது.

அந்த ஸ்டூல் அவருக்குச் சும்மா வந்ததில்லை. இரண்டு வருடம் முன்பு, குந்தியபடி ஒரு சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மனைவி ஊரில் இல்லை. மூன்று மணி நேரம் கன்னத்தை ஈரத் தரையில் வைத்தபடி கிடந்தார். காரின் சொந்தக்காரர் சாவி வாங்க வந்தபோதுதான் தூக்கிவிட ஆள் கிடைத்தது. அப்புறம் பிசியோதெரபி டாக்டரம்மா விதிகளை எழுதிக் கொடுத்தார். சுவரில் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் பக்கெட் பாதிதான் நிரம்பியிருக்க வேண்டும். அதுவும் தரையில் அல்ல, பெஞ்சின் மேல். சக்கரத்துக்கு நீளக் கைப்பிடி பிரஷ். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், தரையில் மல்லாந்து, காலை நாற்காலி மேல் தூக்கிப்போட்டுப் படுக்க வேண்டும்.

இவற்றோடு பாலிஷ்காரர் தானாக ஒன்று சேர்த்துக்கொண்டார். வலி வந்ததும் வேலையை நிறுத்துவார். நிறுத்திய இடத்தில் ஒரு துண்டு நீல டேப் ஒட்டுவார். மறுபடி எங்கே தொடங்குவது என்று மறந்துவிடாமலிருக்க. (இந்த டேப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதன் மேல் ஒரு கண் உண்டு.)

அவருடைய முதல் சந்தேகம் மச்சான் மேல் போனது. மனைவியின் தம்பி; கையில் கிடைத்த சாமானை எடுத்துக்கொண்டு போகிறவன். போன் போட்டார்.

"கொட்டகைக்கு வந்தியா?"

"ஏணியப் பத்திக் கேக்கறீங்களா மாமா? வர்ற வாரம் கொண்டாந்துடறேன்."

ஏணி போனதே அவருக்கு அப்போதுதான் தெரியும். ஸ்டூலுக்கு அவன் ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை, பக்கெட் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. புதன்கிழமைதான் உண்மையில் அதிர்ந்தார். ஒரு கறுப்புக் காரின் கதவுக்குக் கீழே இரண்டு இடத்தில் டேப் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். படுத்து எழுந்து வந்து பார்த்தால் டேப் இல்லை. அந்த இடம் பளபளவென்று இருந்தது. நானே முடித்துவிட்டு மறந்துபோனேனா? முதுகோடு மூளையும் போகிறதா? கொஞ்ச நேரம் நிஜமாகவே பயந்தார்.

பிறகு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். துணியால் துடைத்த கோடுகள் வளைந்து வளைந்து தெரிந்தன. அவர் துடைத்தால் வளைவு ஒரு பக்கம் போகும். இது மறுபக்கம் போனது.

அந்த வீட்டில் இடதுகைப் பழக்கம் ஒருவருக்குத்தான்.

(இதை ஒரு துப்பறியும் கதையாக இன்னும் பத்துப் பக்கம் இழுக்கலாம். ஆனால் நீங்கள் முதல் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். பாலிஷ்காரருக்கு மட்டும் ஏன் மூன்று நாள் ஆனது என்பதுதான் என் கேள்வி.)

அன்று இரவுச் சாப்பாட்டில் கேட்டார்.

"மத்தியானம் கொட்டகப் பக்கம் போனியா?"

"துணி காயப்போடப் போனேன்."

"பக்கெட் நெறஞ்சிருந்துச்சு."

"கொழாய நீங்க மூடாம வந்திருப்பீங்க."

"ஸ்டூல் எறங்கியிருந்துச்சு."

"என்னங்க, போலீஸ் வேலையா பாக்கறீங்க? சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

சாப்பிட்டார். மறுநாள் காலை, கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் ஏறும் இரண்டு படியில் மனைவி ஏறுவதைப் பார்த்தார். ஒவ்வொரு படியிலும் வலதுகால் முதலில் ஏறி நின்றது; இடதுகால் பின்னால் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. நடை பழகும் குழந்தை ஏறுவது அப்படித்தான்.

எப்போதிலிருந்து இப்படி? கேட்கவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு இவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு வார்த்தை கேட்டால் மனைவி நிறுத்திவிடுவார். அப்புறம்? மேல்பாதி மட்டும் பாலிஷ் போடுகிறவரிடம் யார் காரைக் கொண்டுவந்து விடுவார்கள்? ஒன்று, தொழிலை மூட வேண்டும். அல்லது தானே மறுபடி முட்டி போட்டு, இன்னொரு நாள் தரையில் கன்னத்தை வைத்துக் கிடக்க வேண்டும். கேட்காவிட்டால் மனைவியின் முட்டி தேயும். இவ்வளவுதான் விஷயம். இவர் கேட்கவில்லை.

சரி, பயம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அடுத்த வரியை எழுத உட்கார்ந்தபோது, நான் திட்டமிடாத ஒன்றை இவர் செய்தார். கிறீச்சிட்டுக்கொண்டிருந்த ஸ்டூல் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். கொட்டகையைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில்தான் மத்தியானம் படுப்பார். சக்கரம் உருண்டால் அவருக்குக் கேட்கும். இனிமேல் கேட்காது. யாருக்காக விட்ட எண்ணெய்?

அப்புறம் டேப். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு காருக்கு இரண்டு துண்டு. எண்ணெய் விட்ட பிறகு ஐந்து, ஆறு. எல்லாமே கதவின் கீழ்விளிம்புக்குக் கீழே. வலி வந்த இடத்தில் ஒட்டுவது என்றாரே, வலி இவ்வளவு ஒழுங்காகவா வரும்?

நல்ல மனிதராகத்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போதும் கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவர் ஒட்டும் ஒவ்வொரு டேப்பையும் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

5

இதுவரை ஒன்றை மறைத்துவிட்டேன். இனி முடியாது. கட்டுரைக்கு உதவும் என்று என் காரையும் அவரிடம் விட்டிருந்தேன். விடும்போது, "கீழ்ப்பக்கம் கொஞ்சம் நல்லா பாருங்க, ஒரே சேறு" என்றும் சொன்னேன். ஐந்து மணிக்கு வரச் சொன்னார். நான் மூன்று மணிக்குப் போனேன்.

(முதலில் "தெரியாமல் சீக்கிரம் போய்விட்டேன்" என்று எழுதியிருந்தேன். பொய். வேவு பார்க்கத்தான் போனேன்.)

பக்கச் சந்தில் நுழைந்தால் ஜன்னல்தான் முதலில் வரும். உள்ளே பாலிஷ்காரர் மல்லாந்து கிடந்தார். கால்கள் நாற்காலி மேல். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார். ஓய்வைக் கெடுக்காதே என்கிறார் என்று நினைத்துக்கொண்டு நாலு எட்டு வைத்துக் கொட்டகைக்குள் திரும்பினேன்.

மனைவி என் காரின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முதல் ஓட்டை. இடதுகால் மடங்காமல் நேரே நீண்டிருந்தது. உரித்த நீல டேப்புகள் வலது முன்கையில் வரிசையாக ஒட்டியிருந்தன. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவும் விரலை உதட்டில் வைத்தார்.

"அவர் தூங்கறார் சார். சொல்லிடாதீங்க."

"உங்க கால்?" என்றேன்.

அடுத்த டேப்பை உரித்துக்கொண்டே சொன்னார், "முட்டி ரெண்டு இருக்கு சார். முதுகு ஒண்ணுதானே."

ஜன்னல் திறந்திருந்தது. அவருக்குக் கேட்டிருக்கும்.

நான் திரும்பிப் போய், ஒரு தேநீர்க் கடையில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். சாவியைக் கொடுக்கும்போது பாலிஷ்காரர், "கீழ நல்லா வந்திருக்கு, பாருங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்தேன்.* நன்றாகத்தான் வந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

* குனிந்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. விதி ஒன்று.

6

முடிவு அ: பாலிஷ்காரர் எழுகிறார். டாக்டரம்மா சொன்னபடி ஒருக்களித்து, உள்ளங்கையை ஊன்றி, மெதுவாக. கொட்டகைக்குப் போய், மனைவி கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு— எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டேன். பின்தெருவில் அவர் இன்னும் எழவில்லை.

முடிவு ஆ: காரை இடுப்புயரத்துக்குத் தூக்கும் மேடை வாங்குகிறார்கள். இதழாசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் கொட்டகைக் கூரை தாழ்வு. கண்ணாலேயே அளந்துவிட்டேன், கார் இடிக்கும்.

முடிவு இ: ஒரு மத்தியானம், "என்னங்க, எழுந்திரிக்க முடியல, கொஞ்சம்—"

இதை நான் எழுத மாட்டேன். நான் எழுதித்தான் நடக்க வேண்டும் என்றில்லை.

7

அந்த மாத இதழ் அவர்கள் வீட்டுக்கு வருகிறது. உறையைக் கிழிப்பது பாலிஷ்காரர். முதலில் படிப்பது மனைவி. ஆகவே இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால், இரண்டு பேருக்கும் நான் வாக்குத் தவறிவிட்டேன் என்று அர்த்தம். கையெழுத்துப் பிரதியில் படிக்கிறீர்கள் என்றால், எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. என் கார் மறுபடி சேறாகிக்கொண்டிருக்கிறது.

எப்படியானாலும் விஷயம் இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒரு மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். பக்கச் சந்தில் ஜன்னலுக்கும் கொட்டகைக்கும் நடுவே நாலு எட்டு தூரம். அங்கே நின்று பேசினால் இரண்டு பேருக்கும் கேட்கும். அவர் விரலை உதட்டில் வைப்பார். அந்த அம்மாவும் வைப்பார். நான் அங்கே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?